சேர்வராயன் மலையின் குரங்கும் சிற்பியின் கண்ணும்

சேலத்திலிருந்து சேர்வராயன் மலைமேல் உள்ள ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. வளைவுச் சுவர்களில் நாட்டுக்குரங்குகள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்காமல் மேலே போவது அரிது. ஒன்றின் முதுகு மயிரை இன்னொன்று விலக்கிப் பேன் பார்த்துக்கொண்டிருக்கும். குட்டி தாயின் வயிற்றோடு ஒட்டிக்கிடக்கும். வயதான கடுவன் ஒன்று சற்றுத் தள்ளி உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதே காட்சியை ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன்பு மாமல்லபுரத்துச் சிற்பி ஒருவர் கருங்கல்லில் வடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அந்தக் கல்லுக்கும் இந்தச் சாலைக்கும் இடையே தமிழ்க் கலையில் குரங்கு வந்த வழி நீண்டது. குறிஞ்சித்திணைப் பாடல்களில் மலையின் உயிராக, இராமகாதையில் வீரனாக, சோழர் செம்பில் அடியாராக, நாயக்கர் காலத் தூணில் ஓர் அறவழக்கின் தரப்பாக, நாமக்கல்லில் வானளாவிய கடவுளாக அது நமக்கு முன் நிற்கிறது. சேர்வராயன் மலையையும் அதன் அடிவார ஊர்களையும் மையமாக வைத்து அந்த வழியைப் பின்தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம். இங்கே நிறுவ முயல்வது ஒன்றுதான்: நம் குரங்குக் கலையில் உயர்ந்தவை எல்லாம் உயிருள்ள குரங்கை உற்றுப் பார்த்த கண்ணிலிருந்து பிறந்தவை. குரங்கைக் கடவுளாக்கியபோதும் நம் முன்னோர் அந்தப் பார்வையைக் கைவிடவில்லை. கைவிட்டுக்கொண்டிருப்பவர்கள் நாம்.

மலையில் வாழ்பவை

கலையில் வரும் குரங்கைப் புரிந்துகொள்ள, காட்டில் இருக்கும் குரங்கை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழகத்தின் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் முக்கியமாக இரண்டு இனங்கள் உண்டு. ஒன்று நாட்டுக்குரங்கு. உச்சந்தலையின் நடுவிலிருந்து மயிர் நாற்புறமும் பிரிந்து, குல்லாய் வைத்ததுபோல் தெரியும். 1812இல் பிரெஞ்சு விலங்கியலாளர் ஜெஃப்ராய் செயிண்ட்-ஹிலேர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். இது தீபகற்ப இந்தியாவுக்கே உரியது. உலகில் வேறெங்கும் இயல்பாக வாழ்வதில்லை. இதன் கன்னங்களில் பைகள் உண்டு. கிடைத்த தீனியை அவசரமாக அதில் அடைத்துக்கொண்டு, பாதுகாப்பான இடத்துக்குப் போய் நிதானமாக மெல்லும். பெண் குரங்குகள் பலவற்றின் முகம் சிவந்திருக்கும்.

மற்றொன்று சாம்பல் மந்தி. கரிய முகம், மெலிந்த உடல், உடலைவிட நீண்ட வால். இலை தழைகளே இதன் முதன்மை உணவு. அவற்றைச் செரிக்கப் பல அறைகள் கொண்ட இரைப்பை இருக்கிறது. கன்னப் பை கிடையாது. நடக்கும்போது வாலை மேலே தூக்கி வளைத்துப் பிடிக்கும். அனுமனின் இனம் என்று வட இந்தியாவில் போற்றப்படுபவை இதன் நெருங்கிய உறவுகள்.

சிவந்த முகமும் கன்னப் பையும் ஒன்றுக்கு, கரிய முகமும் உயர்ந்த வாலும் மற்றொன்றுக்கு. இந்த வேறுபாடுகளை நினைவில் வைத்துக்கொண்டால் பழைய பாடலும் பழைய சிற்பமும் புதிதாகப் பேசத் தொடங்கும். தொல்காப்பியத்தின் மரபியலே குரங்கு, முசு, ஊகம் என மூன்றைத் தனித்தனியாகச் சொல்கிறது. எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடக்கிவிடும் பழக்கம் அன்று இல்லை.

கன்னத்தில் அடைத்த தினை

தமிழில் குரங்கின் முதல் ஓவியங்கள் சொற்களால் ஆனவை. ஐங்குறுநூற்றின் குறிஞ்சிப் பகுதியைப் பாடிய கபிலர், குரங்கை வைத்தே பத்துப் பாடல்கள் பாடியிருக்கிறார். 'குரக்குப் பத்து' என்று அதற்குப் பெயர். கிளிக்கும் மயிலுக்கும் காட்டுப்பன்றிக்கும் தந்த அதே இடத்தை அவர் குரங்குக்கும் தந்தார்.

நற்றிணையின் 22ஆம் பாடல் இன்னும் நெருங்கிப் போகிறது. மலைச்சாரலில் குறத்தி காவல் காக்கும் தினைப்புனம். முதலில் விளைந்த பெரிய கதிரை ஒரு மந்தி (பெண் குரங்கு) பறித்துக்கொண்டு தன் கடுவனோடு மேட்டில் ஏறுகிறது. கதிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்குகிறது. உதிர்ந்த தினையை வளைந்த கன்னம் புடைக்க அடைத்துக்கொள்கிறது. மழையில் முதுகு நனைய அது உட்கார்ந்திருக்கும் தோற்றம், நோன்பிருப்பவர் கையில் உணவு வாங்கி உண்ணும் இருக்கையாகப் புலவருக்குத் தெரிகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது கன்னம். கன்னப் பை இல்லாத சாம்பல் மந்தியால் இப்படித் தினையை அடைத்துக்கொள்ள முடியாது. ஆகவே புலவர் பார்த்தது நாட்டுக்குரங்கு. கதிரைப் பறிப்பது, மேட்டுக்கு ஏறுவது, உமி போகக் கசக்குவது, கன்னத்தில் சேர்ப்பது என்ற வரிசையும் களத்தில் நின்று பார்த்தவர் மட்டுமே எழுதக்கூடியது. விலங்கு நடத்தை ஆய்வாளர் ஒருவரின் குறிப்பேட்டில் இருக்க வேண்டிய செய்தி, காதல் பாட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. சேர்வராயன் மலையில் தினையும் சாமையும் கேழ்வரகும் விதைத்து வந்த மலையாளிப் பழங்குடியினருக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதே இல்லை. புனக்காவல் என்பது அவர்களுக்கு இலக்கியம் அன்று, அன்றாட வேலை.

குறுந்தொகையின் 69ஆம் பாடல் துயரத்தின் பக்கம் திரும்புகிறது. தன் துணை இறந்துபோக, தனித்து வாழ மனமில்லாத மந்தி ஒன்று, மரமேறக்கூடக் கற்காத தன் குட்டியை உறவுக் குரங்குகளிடம் ஒப்படைத்துவிட்டு மலைமுகட்டிலிருந்து குதித்து உயிரை விடுகிறது. இரவில் அந்த மலைவழி வராதே என்று தலைவனைத் தடுக்கும் தோழியின் வாயில் வருகிறது இச்செய்தி. குரங்கு மலையிலிருந்து குதித்து இறக்குமா என்பது வேறு கேள்வி. குட்டியை வளர்க்கச் சுற்றம் இருக்கிறது, குரங்குக் கூட்டம் உறவுகளால் ஆன கூட்டம் என்று அந்தப் புலவர் அறிந்திருந்ததே இங்கே முக்கியம்.

புறநானூற்றின் 378ஆம் பாடலில் குரங்கு முதன்முறையாக இராமகாதையோடு சேர்ந்து வருகிறது. சோழன் இளஞ்சேட்சென்னியிடம் பரிசில் பெற்ற புலவர் ஊன்பொதி பசுங்குடையாரின் சுற்றத்தார், அதுவரை நகையையே கண்டறியாதவர்கள். விரலுக்கு உரியதைக் காதிலும், காதுக்கு உரியதை விரலிலும், இடைக்கு உரியதைக் கழுத்திலும் அணிந்துகொள்கிறார்கள். அரக்கன் கவர்ந்து செல்லும்போது சீதை நிலத்தில் எறிந்த நகைகளைக் குரங்குக் கூட்டம் எடுத்து அணிந்தது புலவருக்கு நினைவு வருகிறது. அந்தக் கூட்டத்தைச் செம்முகம் உடையது என்கிறார். காவியக் குரங்கைப் பாடும்போதும் அவர் கண்முன் நின்றது அந்தச் சிவந்த முகம்தான்.

வால் சொன்ன சாட்சி

உற்றுப் பார்த்து வரைந்த குரங்கு எத்தனை காலம் கழித்தும் சாட்சி சொல்லும் என்பதற்குக் கிரேக்கத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு கிடைத்திருக்கிறது. அந்தச் சாட்சியம் வந்து முடிவதும் நம் துணைக்கண்டத்தில்தான்.

ஏஜியன் கடலில் உள்ள தேரா தீவில் அக்ரோத்திரி என்ற பழைய நகரம் ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் புதைந்தது. தோண்டியெடுத்தபோது, ஒரு கட்டடத்தின் சுவரில் நீல நிறக் குரங்குகள் பாறைகள்மீது தாவி ஏறும் ஓவியம் கிடைத்தது. கிரேக்கத்தில் குரங்கு கிடையாது. எகிப்தோடு வணிகம் இருந்ததால் ஆப்பிரிக்க இனமாக இருக்கும் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2019இல் மரீ நிக்கோல் பரேயா என்ற கலை வரலாற்றாளர், குரங்கியல் அறிஞர்களோடு சேர்ந்து அந்த ஓவியத்தை மறுபடி ஆராய்ந்து 'பிரைமேட்ஸ்' ஆய்விதழில் முடிவை வெளியிட்டார். வால் மேல்நோக்கி உயர்ந்து வளையும் விதம், கை கால்களின் நீளம், முகத்தின் அமைப்பு எல்லாம் இந்தியத் துணைக்கண்டத்தின் சாம்பல் மந்தியோடு பொருந்துகின்றன என்றார்கள். சாம்பல் நிறத்தை நீலத்தால் காட்டுவது அக்கால ஓவியர் வழக்கம்.

சிந்துவெளிக்கும் மெசொப்பொத்தேமியாவுக்கும் அப்போதே வணிகம் இருந்தது. சிந்துவெளி ஊர்களில் சுடுமண்ணில் செய்த சிறு குரங்கு உருவங்களும் கிடைத்திருக்கின்றன. ஓர் உயிரோ ஓர் உருவமோ கை மாறிக் கை மாறி மேற்கே போயிருக்கலாம். ஓவியர் வாலைத் தவறாக வரைந்திருந்தால் இந்தத் தொடர்பு இன்று நமக்குத் தெரிந்திருக்காது. அக்ரோத்திரியில் வால், நற்றிணையில் கன்னம். கலைஞரின் துல்லியம் பின்னாளில் வரலாற்றுக்குச் சான்றாகிறது.

கதை இல்லாத குரங்குகள்

மாமல்லபுரத்தின் பெரும்பாறைச் சிற்பத்தை அருச்சுனன் தபசு என்றும் கங்கை இறங்கிய காட்சி என்றும் இரு வகையாகச் சொல்வர். தேவர், முனிவர், நாகர், யானை, மான், தவம் செய்யும் பூனை என்று உலகமே அந்தப் பாறையில் கூடியிருக்கிறது. அதற்கு அருகே தனிக்கல்லில் செய்த ஒரு குரங்குக் குடும்பம் இருக்கிறது. பெண் குரங்கு குட்டிக்குப் பால் கொடுக்கிறது. பின்னால் உட்கார்ந்த ஆண் குரங்கு குனிந்து அதன் தலையில் பேன் பார்க்கிறது.

இந்தச் சிற்பத்தின் முன் சற்று நேரம் நிற்க வேண்டும். பேன் பார்க்கும் குரங்கின் முழுக் கவனமும் விரல் நுனியில் இருக்கிறது. பெண் குரங்கின் உடல் தளர்ந்து அந்தத் தொடுதலுக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கிறது. குட்டிக்கு மார்பைத் தவிர உலகம் இல்லை. மூன்று உடல்களும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து ஒரே திரளாகின்றன. கருங்கல் நுணுக்கத்துக்கு எளிதில் இடம் கொடுக்காத கல். மயிர்களைத் தனித்தனியே செதுக்காமல், முதுகின் வளைவையும் தோளின் இறக்கத்தையும் மட்டும் கொண்டு சிற்பி குரங்கின் தன்மையைக் கொண்டுவந்துவிட்டார்.

பேன் பார்ப்பது குரங்குகளுக்கு வெறும் துப்புரவு வேலை இல்லை. உறவை வளர்ப்பதும் சண்டைக்குப் பின் சமாதானமாவதும் கூட்டத்தில் தன் இடத்தைக் காத்துக்கொள்வதும் அதன்மூலமே நடக்கின்றன என்று இருபதாம் நூற்றாண்டின் ஆய்வுகள் விரிவாகக் காட்டின. பல்லவச் சிற்பி அதைக் கோட்பாடாகச் சொல்லவில்லை. குரங்குக் குடும்பம் என்றதும் எந்தச் செயலைத் தேர்ந்தெடுப்பது என்பதில் மட்டும் அவர் பிழை செய்யவில்லை.

இந்தக் குரங்குகளுக்குப் பெயர் இல்லை. இவை வாலியோ அனுமனோ அல்ல. எந்தப் புராணமும் இவற்றைக் கேட்கவில்லை. கோயில்களும் தேர்களும் செதுக்கிய ஓர் ஊரில், குரங்கு குரங்காக இருப்பதே செதுக்கத் தகுந்தது என்று ஒருவர் நினைத்திருக்கிறார். தமிழ்ச் சிற்பக் கலையில் இதைவிடப் பெரிய ஒப்புதலைக் குரங்கு பெற்றதில்லை.

கதைக்குள் நுழைந்த குரங்கு

அதே காலத்தில் குரங்கு கதைக்குள்ளும் நுழைந்துகொண்டிருந்தது. வடக்கே பௌத்தம் அதற்கு முன்பே வழி காட்டியிருந்தது. கூட்டத்தைக் காப்பாற்றத் தன் உடலையே பாலமாக்கிய குரங்கரசனின் சாதகக் கதை பர்குத்திலும் சாஞ்சியிலும் செதுக்கப்பட்டிருக்கிறது. புத்தருக்குத் தேன் கொடுத்த குரங்கும் சாஞ்சியின் வாயில் தூணில் உண்டு.

தமிழகத்தில் சைவமும் குரங்குக்கு இடம் கொடுத்தது. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, மாமண்டூருக்கு அருகில் உள்ள குரங்கணில்முட்டத்தில் பல்லவர் காலக் குடைவரை ஒன்றும் தேவாரம் பெற்ற சிவன் கோயிலும் இருக்கின்றன. குரங்கு, அணில், காகம் மூன்றும் அங்கே சிவனை வழிபட்டதாகத் தலபுராணம் சொல்கிறது. காவிரிக் கரையில் தென்குரங்காடுதுறையில் சுக்கிரீவனும் வடகுரங்காடுதுறையில் வாலியும் வழிபட்டதாக ஐதீகம். இராமகாதையில் எதிரெதிர் நின்ற இரு சகோதரருக்கும் ஆளுக்கொரு கோயில் கொடுத்த நிலம் இது. தோற்றவனையும் கைவிடாத அந்த மனம் பின்னால் ஒரு தூணில் முழு வடிவம் பெறப் போகிறது.

பத்தாம் நூற்றாண்டில், முற்காலச் சோழர் கோயில்களான புள்ளமங்கையிலும் கும்பகோணம் நாகேசுவரர் கோயிலிலும் அடித்தளத்தை ஒட்டிச் சிறுசிறு இராமாயணக் காட்சிகள் செதுக்கப்பட்டன. குனிந்து பார்த்தால்தான் தெரியும் அளவுக்குச் சிறியவை. அந்தச் சின்னஞ்சிறு கற்களிலும் வானரர் தாவுகிறார்கள், அடிக்கிறார்கள், கூடிப் பேசுகிறார்கள்.

செம்பில் வளைந்த முதுகு

சோழர் காலச் செம்புத் திருமேனிகளில் அனுமன் தனித்து வருவது குறைவு. இராமன், இலக்குவன், சீதை இவர்களோடு நான்காமவராக நிற்பார். நாகப்பட்டினம் பகுதியின் வடக்குப்பனையூரில் கிடைத்து இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் தொகுதி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இதே வகையில் பதினொன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த தஞ்சைப் பகுதி அனுமன் ஒருவர் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் தனியே இருக்கிறார். தான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தாரோ அந்த இராமனைப் பிரிந்து நிற்கிறார்.

இந்த அனுமன்களில் ஸ்தபதி எதிர்கொண்ட சிக்கல் எளியதல்ல. இராமனின் உடல் மூன்று வளைவுகளோடு நிற்பது. அதன் அழகு நிமிர்வில் இருக்கிறது. அனுமனை அப்படி நிமிர்த்தினால் குரங்கு மறைந்துபோகும். குரங்காகவே குனிய வைத்தால் அடியாரின் மாண்பு குறையும். ஸ்தபதி கண்டுபிடித்த வழி, உடலை மனித அளவுகளில் வைத்து, முன்பக்கம் சற்றே சாய்த்து, முழங்காலைத் தளர்த்துவது. இரண்டு காலில் நிற்கும் எந்தக் குரங்குக்கும் அந்தச் சாய்வு இருக்கும். முழுதாக நிமிர அதன் இடுப்பு எலும்பு விடாது. தலைவன் முன் நிற்கும் பணிவுக்கும் அதே சாய்வு வேண்டும். உடற்கூறும் பக்தியும் ஒரே கோட்டில் சேர்ந்துவிடுகின்றன. குரங்கைப் பார்க்காதவர் பணிவை மட்டும் செய்திருப்பார், இந்த உயிர் அதில் வந்திருக்காது.

தாரமங்கலத்தின் இரண்டு தூண்கள்

சேர்வராயன் மலையிலிருந்து இறங்கி மேற்கே ஓமலூர் வழியாகப் போனால் தாரமங்கலம். கெட்டி முதலிகள் கட்டிய கைலாசநாதர் கோயில் அங்கே இருக்கிறது. கொங்கு நாட்டின் இப்பகுதியை மதுரை நாயக்கருக்கு அடங்கி ஆண்ட இந்தக் குடியினர், தலைமுறை தலைமுறையாக எழுப்பிய கோயில் இது. வாயில் உருளும் கல்லை ஏந்திய சிங்கத்தைக் காட்டுவதற்கு வழிகாட்டிகள் அவசரப்படுவார்கள். குரங்கைத் தேடி வந்தவர் நிற்க வேண்டிய இடம் வாலிவதைத் தூண்கள்.

ஒரு தூணில் வாலியும் சுக்கிரீவனும் கட்டிப்புரண்டு போரிடுகிறார்கள். வேறொரு தூணில் இராமன் வில்லை வளைத்து நிற்கிறான். இராமன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் போரிடும் இருவரும் தெரிவார்கள். வாலி இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் இராமன் தெரியமாட்டான். மண்டபத்தின் தூண்களே மறைத்துவிடுகின்றன.

இதைச் சிற்பியின் வித்தை என்று வியந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதற்கும் மேலே ஒன்று இதில் இருக்கிறது. கம்போடியாவின் பந்தியாய் சிரேய் கோயில் 967இல் குடமுழுக்குக் கண்டது. அதன் கோபுர முகப்பில் இதே காட்சி மிக அழகாக உண்டு. சண்டையிடும் இருவரும் அம்பு தொடுக்கும் இராமனும் ஒரே சட்டத்துக்குள் இருக்கிறார்கள். ஜாவாவின் பிரம்பானானிலும் கதை ஒரே வரிசையில் ஓடுகிறது. பார்ப்பவர் ஓரிடத்தில் நின்றபடி எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். அவர் கதைக்கு வெளியே நிற்கிறார். தாரமங்கலத்தில் அது முடியாது. நாம் நடந்து இராமனிடம் போக வேண்டும், அங்கிருந்து நடந்து வாலியிடம் போக வேண்டும். முதலில் மறைந்திருந்து குறி பார்க்கும் கண்ணாகிறோம். அடுத்து, யார் அடித்தது என்று தெரியாமல் விழுபவனின் கண்ணாகிறோம். மறைந்து நின்று அம்பெய்தது தகுமா என்று வாலி இராமனைக் கேட்கும் வாதத்தைக் கம்பர் வாலிவதைப் படலத்தில் விரிவாக அமைத்தார். அந்தக் கேள்வியைத் தாரமங்கலத்துச் சிற்பி ஒரு சொல்லும் இல்லாமல் நம் கால்களைக் கொண்டே கேட்க வைக்கிறார். இங்கே நியாயம் கேட்கும் தரப்பு ஒரு குரங்கு. அதன் கண்வழி உலகைப் பார்க்கும்படி ஒரு சிற்பி ஏற்பாடு செய்திருக்கிறார்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. முதல் சண்டையில் வாலி யார், சுக்கிரீவன் யார் என்று இராமனுக்கே அடையாளம் தெரியவில்லை. அதனால்தான் சுக்கிரீவன் மாலை அணிந்து மறுபடி போருக்குப் போகிறான். குரங்கை அறியாத கண்ணுக்கு எல்லாக் குரங்கும் ஒன்றுபோலவே தெரியும். ஒரு கூட்டத்தோடு பல நாள் கழிக்கும் ஆய்வாளர்கள் முகத்தையும் தழும்பையும் நடையையும் வைத்து ஒவ்வொன்றையும் தனியாக அடையாளம் காண்கிறார்கள். இராமகாதையின் மிகக் கடினமான அறச்சிக்கல், இரண்டு குரங்குகளைப் பிரித்தறிய முடியாமையின் பக்கத்தில்தான் நிற்கிறது.

கடவுளின் வால்

விசயநகரக் காலத்தில் அனுமன் தனிக் கடவுளாக வளர்ந்தார். மத்வ மரபின் வியாசராயர் தென்னாடெங்கும் 732 ஆஞ்சநேயர் உருவங்களை நிறுவியதாக மரபு சொல்கிறது. பக்கவாட்டில் நடக்கும் கோலம், உயர்த்திய கை, தலைக்கு மேல் வளைந்து நுனியில் சிறு மணி தொங்கும் வால் ஆகியவை அந்த வகை உருவங்களின் அடையாளம். முகமும் உடலும் எவ்வளவு மாறினாலும் வால் மட்டும் தாழவில்லை. உயர்த்தி வளைத்த அந்த வால் சாம்பல் மந்தியின் இயல்பு.

நாயக்கர் காலம் அனுமனுக்குக் கல்வியையும் இசையையும் சேர்த்தது. தஞ்சை இரகுநாத நாயக்கர் கட்டிய கும்பகோணம் இராமசாமி கோயிலில் அவர் கையில் வீணையும் இராமாயணச் சுவடியும் இருக்கின்றன. அதே கோயிலின் திருச்சுற்றுச் சுவர்களில் இராமகாதை முழுவதும் ஓவியமாக ஓடுகிறது. சேலத்துக்கு வடகிழக்கே செங்கத்தின் வேணுகோபாலர் கோயில் மண்டபக் கூரையிலும் நாயக்கர் கால இராமாயண ஓவியங்கள் உண்டு. சேர்வராயன் மலையடிவாரத்து அயோத்தியாப்பட்டணம் கோதண்டராமர் கோயில், இலங்கையிலிருந்து திரும்பிய இராமன் தங்கிய தலம் என்ற நம்பிக்கையோடு நிற்கிறது.

1997 வரை சேலம் மாவட்டத்தில் இருந்த நாமக்கல்லில், கோட்டைக் குன்றின் கீழே 18 அடி உயர ஆஞ்சநேயர் கைகூப்பி நிற்கிறார். மேலே கூரை இல்லை. எதிரே எட்டாம் நூற்றாண்டுக் குடைவரையில் இருக்கும் நரசிம்மரை நோக்கியே அந்தக் கும்பிடு. மாமல்லபுரத்தில் பேன் பார்த்த கை இங்கே கூப்பியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட தமிழ்க் கற்பனை இருக்கிறது.

பிற நாடுகளில்

மேற்கே குரங்கின் கதை வேறு. இடைக்கால ஐரோப்பாவில் அது பாவத்துக்கும் மூடத்தனத்துக்கும் அடையாளமாக இருந்தது. பின்னர் மனிதரைக் கிண்டல் செய்ய அதற்குச் சட்டை மாட்டி, கையில் தூரிகை கொடுத்து வரைந்தார்கள். ஷார்தானின் ஓவியக் குரங்கு அவ்வகையில் பெயர்பெற்றது. விதிவிலக்காக, 1562இல் மூத்த பீட்டர் புரூகல் வரைந்த சிறிய ஓவியத்தில், சன்னல் வளைவில் சங்கிலியால் கட்டப்பட்ட இரண்டு குரங்குகள் கூனி உட்கார்ந்திருக்கின்றன. பின்னால் ஆண்ட்வெர்ப் நகரம் திறந்து கிடக்கிறது. சிறைப்பட்ட உயிரின் வேதனையை அதில் யாரும் உணரலாம். கிழக்கே பதினொன்றாம் நூற்றாண்டுச் சீன ஓவியர் யீ யுவான்ஜி காட்டில் தங்கிக் கிப்பன்களைப் பார்த்து வரைந்து புகழ்பெற்றார். ஜப்பானின் நிக்கோவில் 17ஆம் நூற்றாண்டில் குதிரை லாயத்தின் மரப்பலகையில் செதுக்கிய மூன்று குரங்குகள், நெறி சொல்லும் உருவங்களாக உலகம் சுற்றிவிட்டன.

மனிதனைப் பார்த்துக்கொள்ளும் கண்ணாடியாகக் குரங்கை மேற்கு பயன்படுத்தியது. நாம் அதை நம் உறவின் முறையில் வைத்தோம். அதற்குச் சுற்றம் இருந்தது, துக்கம் இருந்தது, பக்தி இருந்தது, நியாயம் கேட்கும் உரிமையும் இருந்தது.

இன்றைய மலைப்பாதை

1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில் சேர்வராயன் மலைக்குக் காப்பி வந்தது. அதன்பின் சோலையும் புதர்க்காடும் தோட்டங்களாயின, நிழலுக்குச் சில்வர் ஓக் மரங்கள் வந்தன, சாலை அகன்றது. காட்டில் அத்தியும் நாவலும் தேடித் தின்ற நாட்டுக்குரங்கு, வண்டிகள் வேகம் குறையும் வளைவுகளில் காத்திருக்கக் கற்றுக்கொண்டது. கார்க் கண்ணாடி வழியே வரும் சிப்ஸும் பிஸ்கட்டும் அதன் உணவாயின. வண்டியில் அடிபடுவதும், கையிலிருப்பதைப் பிடுங்குவதும், கடிப்பதும், பிடித்துக்கொண்டுபோய் வேறு காட்டில் விடப்படுவதும் அதன் தொடர்ச்சி. எங்கும் நிறைந்திருப்பதுபோல் தெரியும் இந்தக் குரங்கை, உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிட்டிருக்கிறது. வடக்கேயுள்ள செம்முகக் குரங்கினம் தெற்கே பரவி இதன் இடத்தைப் பிடித்துவருவதும் அதற்கு ஒரு காரணம்.

பாதையோரத்தில் நாம் இந்தக் குரங்கைப் பார்ப்பதற்கும் மாமல்லபுரத்துச் சிற்பி பார்த்ததற்கும் உள்ள தூரமே இன்றைய நிலையின் அளவு. நமக்கு அது அரை நிமிட வேடிக்கை, ஒரு கைப்பேசிப் படம், அல்லது தொல்லை. சனிக்கிழமை அனுமனுக்கு வெண்ணெய்க் காப்பும் வடைமாலையும் சாத்தும் அதே ஊரார் மறுநாள் மலைச் சாலையில் குரங்கைக் கல்லெறிந்து விரட்டுவதில் முரண் இருப்பதாக யாருக்கும் தோன்றுவதில்லை. கடவுளும் விலங்கும் ஒரே உடலில் இருந்த அந்தப் பழைய சாய்வு நம் மனத்தில் உடைந்துபோயிருக்கிறது.

அதை மீட்பது கடினமில்லை. ஏற்காடு போகிறவர்கள் குரங்குக்கு எதையும் கொடுக்காமல், சாலையில் எச்சில் பொட்டலம் எதையும் வீசாமல், வண்டியைப் பாதுகாப்பாக ஓரம் கட்டிக் கால் மணி நேரம் அவற்றைப் பார்க்கட்டும். யார் யாருக்குப் பேன் பார்க்கிறது, எந்தக் குட்டி யாரிடம் போகிறது, எந்தக் கன்னம் புடைத்திருக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்டட்டும். இறங்கும்போது தாரமங்கலம் போகட்டும். இராமன் இருக்கும் தூணருகே நின்றுவிட்டு, வாலியின் இடத்துக்கும் நடந்துபோய் நிற்கட்டும். அந்தத் தூண்களில் எண்ணெயும் குங்குமமும் பூசாமல் இருக்கக் கோயிலுக்கு வருபவர்கள் ஒவ்வொருவரும் கவனம் எடுத்துக்கொள்ளட்டும். சேலம், நாமக்கல் மாவட்டப் பள்ளிகள் ஒரு நாள் சுற்றுலாவில் மலையின் குரங்கையும் கோயிலின் குரங்கையும் சேர்த்தே காட்ட முடியும். உயிரியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒரே வண்டியில் போனால் போதும். நற்றிணைப் புலவரும் பல்லவச் சிற்பியும் சோழ ஸ்தபதியும் நமக்கு விட்டுச் சென்றது இந்தப் பார்க்கும் பழக்கத்தை. குரங்கு மலையில் இருக்கும்வரை அந்தப் பழக்கத்தை மறுபடி கற்றுக்கொள்ளலாம். குரங்கு போய்விட்டால் சிற்பங்களைப் புரிந்துகொள்ளும் வழியும் அதோடு போய்விடும்.